முகவரி போதாத நானூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள்

தங்கை வேலை பார்க்கிற இடத்துக்குப் போகும் தபாலைத் தன் கையாலேயே பிரித்துப் போடுகிற கொடுப்பினை எத்தனை அண்ணன்மாருக்கு வாய்க்கும் என்று ஆறுமுகநயினார் கேட்பார். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். தாதர் பக்கத்தில், தபாலை ஊர்வாரியாகப் பிரிக்கிற ஒரு சார்ட்டிங் ஆபீஸில் அவருக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். அவர் நிற்கிற இடத்துக்கு எதிரே நாற்பத்தெட்டு அறைகள் தடுத்த மரச்சட்டம் ஒன்று உண்டு. அறைக்கு ஓர் ஊர். சேம்பூர் வலது கை ஓரம், மேலிருந்து மூன்றாவது. அந்த அறைக்கு மாதாமாதம் சீமையிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் பழுப்புத்தாள் சுற்றிய பத்திரிகைகள் நூற்றுக்கு மேல் வரும். எல்லாம் ஒரே விலாசத்துக்கு. அது சேம்பூரில் இருக்கிற ஒரு ரசாயன ஆராய்ச்சி நிலையத்தின் நூலகம். அங்கேதான் பூமாரி வேலை பார்த்தாள்.

உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. உறைகளை மட்டும் முகம் முகமாகத் தெரியும். தடித்தது, நீளமானது, பொடி எழுத்துக்காரன். மெல்லிசான ஒன்று சாம்பல் நிற உறையில், ஓரத்தில் பச்சை முத்திரையோடு வரும். பெரிய கட்டுகளுக்கு நடுவில் சொருகிக்கொண்டு காணாமல் போகப் பார்க்கும் என்பதால் அதை அவர் தனியாக எடுத்துச் சேம்பூர் அறையில் நிற்க வைப்பார்.

பூமாரி அவரைவிடப் பதினாறு வயது இளையவள். தாயும் தகப்பனும் ஒரே வருஷத்தில் போனபோது அவளுக்கு ஒன்பது வயது. தாராவியில் அவரும் மனைவி இசக்கியம்மாளும் இருந்த ஒற்றை அறைக்குக் கூட்டி வந்தார். முனிசிபல் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். அவர் படித்தது எட்டாவது. தபால் பை கட்டுகிற பாக்கராகச் சேர்ந்து, இலாகா பரீட்சை எழுதிச் சார்ட்டர் ஆனவர். அவள் மெட்ரிக் தேறினாள். மாட்டுங்காவில் கல்லூரிக்குப் போய் பி.எஸ்ஸி. முடித்தாள், அதற்கு மேல் நூலகப் படிப்புக்கு ஒரு டிப்ளமோ. அவர்கள் சந்தில் டிகிரி வாங்கிய முதல் பெண். "இதுக்குப் பொறவு மாப்பிள்ளைக்கு எங்க போவீரு?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். "தபால்ல வரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அறுபத்தைந்து ஜனவரியில் அவளுக்கு வேலை உத்தரவு வந்தது. அதுவும் அவர் கை வழியாகத்தான் போயிற்று. ஆனால் அது தற்காலிக உத்தரவு. ஆறு மாதம் முடிந்தால் புதிதாக ஒன்று வரும், வராமலும் போகலாம். ஒவ்வொரு ஜூனிலும் டிசம்பரிலும் அந்த வீட்டில் சாப்பாடு சரியாக இறங்காது. நாலாவது உத்தரவு அறுபத்தாறு டிசம்பர் முப்பத்தொன்றோடு முடிகிறதாக இருந்தது.

அந்த ஜூனில் சர்க்கார் ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. நேற்று நூறு ரூபாய்க்கு வந்த சீமைப் பத்திரிகை இன்று நூற்றைம்பதுக்கு மேல். நூலகத்துக்கு வருகிற பணம் அதேதான். நூற்று நாற்பது பத்திரிகையில் அறுபதை நிறுத்தியே ஆக வேண்டும் என்று டைரக்டர் சொல்லிவிட்டார். எதை நிறுத்துவது? கமிட்டியில் ஒன்பது பேராசிரியர்கள். ஒவ்வொருவரும் அடுத்தவருடையதை நிறுத்தச் சொன்னார்கள்.

நூலகத் தலைவர் சுப்ரமணியன் மாட்டுங்காக்காரர். முப்பது வருஷமாகப் புத்தகத்தோடு குடித்தனம். டிசம்பரில் ஓய்வு பெற வேண்டியவர். அவர் பூமாரியைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"ஏம்மா, ஒருத்தன் என்ன படிக்கிறான்னு அவனையே கேட்டா என்ன சொல்வான்?"

"எல்லாம் படிக்கேன்னு சொல்லுவாங்க சார்."

"அதான். பொய் சொல்வான். ஆனா அவன் எழுதின தீசிஸைப் பாரு. கடைசிப் பக்கத்துல, எதெதைப் படிச்சு இதை எழுதினேன்னு வரிசையா போட்டிருப்பான். அங்கே பொய் சொல்ல முடியாது. பத்திரிகை பேர், தொகுதி, வருஷம், பக்கம், எல்லாம் இருக்கும். வெளிநாட்டுல இதை எண்ணித்தான் பத்திரிகையைத் தேர்ந்தெடுக்கறான். எந்தப் பத்திரிகை எத்தனை தடவை வர்றதோ, அதுதான் நமக்கு வேணுங்கறது. மத்தது போகட்டும்."

"எத்தனை தீசிஸ் சார்?"

"ஆறு வருஷத்துக்கு ஐம்பத்தெட்டு. இங்கேர்ந்து வெளியான கட்டுரை இருநூத்திச் சொச்சம். நீ எண்ணு. கமிட்டி இதை ஏத்துண்டா, நான் போறதுக்குள்ளே உன்னை நிரந்தரம் பண்ணச் சொல்லி எழுதிட்டுப் போறேன். ஏத்துக்கலேன்னா எனக்கு வாயில்லே."

அன்று மாலை பூமாரி சயான் ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது ஆறுமுகநயினாருக்கு இரண்டு விஷயம் மட்டும் காதில் நின்றது. எண்ண வேண்டும், எண்ணினால் வேலை நிரந்தரம்.

"ஏட்டி, இது பிரிக்கிற வேலைல்லா! எங்கிட்ட சொல்லாம யாருகிட்ட சொல்லப் போற?"

ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை அவள் நூலகத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு மேற்கோளுக்கும் ஒரு சீட்டு எழுதினாள். பழைய கேட்டலாக் அட்டையைப் பாதியாக வெட்டி, அதன் பின்பக்கத்தில் எழுதினாள். மொத்தம் ஒன்பதாயிரத்து அறுநூற்று நாற்பது. பகலில் எழுதியதைச் சாயங்காலம் துணிப்பையில் கட்டிக்கொண்டு வருவாள். அதற்குள் ஆறுமுகநயினார் இரண்டு தேயிலைப் பெட்டிகளை உடைத்து, ஆபீஸில் இருக்கிற மாதிரியே நாற்பத்தெட்டு அறைச் சட்டம் ஒன்று செய்து சுவரில் சாய்த்திருந்தார். அறை பற்றாத சின்னப் பத்திரிகைகளுக்குக் கீழே தீப்பெட்டி அட்டைகளை ஒட்டிக்கொண்டார்.

"அஞ்சறைப் பெட்டி வைக்க எடமில்லங்கேன், இவுகளுக்கு நாப்பத்தெட்டு அறைப் பெட்டி கேக்குது" என்றாள் இசக்கியம்மாள்.

"வேலை முடிஞ்சதும் உனக்குத்தான் இது. உளுந்துக்கு ஒண்ணு, துவரைக்கு ஒண்ணுன்னு வச்சுக்கோ."

"நாப்பத்தெட்டுச் சாமான் வாங்கிப் போடுதவுக பேசணும் இதை."

பூமாரி சிரித்தாள். அந்த மூன்று மாதமும் அந்த வீட்டில் சிரிப்புக்குப் பஞ்சமில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

அவருக்கு ஆங்கிலம் விலாசம் படிக்கிற அளவுக்குத்தான். அது போதுமாக இருந்தது. பத்திரிகையின் பெயர் ஊர். தொகுதி எண் தெரு. வருஷம் வீட்டு நம்பர். பக்கம் ஆளின் பேர். இப்படித் தனக்குள் வைத்துக்கொண்டார். "நாலும் இருக்கணும் அண்ணே, அப்பதான் அது முழு மேற்கோள்" என்று பூமாரி முதல் நாளே சொல்லியிருந்தாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். சீட்டை வாங்குவார், நாலும் இருக்கிறதா என்று கண்ணால் ஒரு ஓட்டு ஓட்டுவார், அறையில் போடுவார். நிமிஷத்துக்கு முப்பது. நாலில் ஒன்று குறைந்தால் அது இடது பக்கம், தரையில் ஒரு தகரத் தட்டில். 'நண்பரின் கடிதம்' என்று மட்டும் ஒன்று இருக்கும். 'இன்னும் அச்சாகாதது' என்று ஒன்று. பெயரே இல்லாமல் வருஷம் மட்டும் ஒன்று. ஆபீஸில் இப்படிப்பட்டதை விலாசம் போதாது என்று தனியே கட்டி, அதற்கென்று இருக்கிற ஆபீஸுக்கு அனுப்பிவிடுவார்கள். ஊகத்தில் போடக் கூடாது. ஊகத்தில் போட்ட ஒரு மணியார்டருக்காக ஒருவன் வேலையே போனதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார்.

கடைசி இரண்டு வாரம் வந்த சீட்டுகளில் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்தது. பெயர் இருந்தது, வருஷம் இருந்தது, பக்கம் இருந்தது. தொகுதி எண்ணுக்கான இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. ஒன்றல்ல, இரண்டல்ல, கத்தை கத்தையாக. அவர் கண்ணில் அது படாமல் இல்லை. ஆனால் ஒரு கம்பெனிக்காரன் முந்நூறு கல்யாணப் பத்திரிகையைத் தெருப் பெயர் இல்லாமல் அனுப்பினால் முந்நூறும்தான் திரும்பும். எத்தனை தடவை வந்தது என்று பார்த்துத் தப்பைச் சரியாக்க ஆபீஸில் எந்த விதியும் கிடையாது. எல்லாவற்றையும் தகரத் தட்டில் போட்டார்.

அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமை மூன்று தடவை எண்ணினார்கள். அறைகளில் ஒன்பதாயிரத்து இருநூற்று இருபத்தெட்டு. மூன்று தடவையும் அதே எண்.

"நானூத்திப் பன்னெண்டு குறையுதே அண்ணே."

"குறையல. இந்தா இருக்கு." சணல் கட்டிய கட்டை நீட்டினார். மேலே ஒரு துண்டுத் தாளில் 'முகவரி போதாதவை, 412' என்று தன் உருண்டை எழுத்தில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டிருந்தார்.

அவள் கட்டைப் பிரிக்காமல் மேலே இருந்த பத்துப் பன்னிரண்டு சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தாள். தட்டைக் கவிழ்த்துக் கட்டியிருந்ததால் அவை முதல் வாரத்தில் விழுந்தவை. நண்பரின் கடிதம், அச்சாகாதது, பெயர் இல்லாதது. "சரிதான்" என்று திருப்பிக் கொடுத்தாள். ஒன்பதாயிரம் சீட்டு எழுதிய விரல் நேராக நீளாத நிலையில் இருந்தாள். கடைசி இரண்டு வாரம் கைதான் எழுதியது, மனம் எழுதவில்லை.

பட்டியலைப் பார்த்துச் சுப்ரமணியன் ஓர் இடத்தில் விரலை வைத்தார். தோல் பதனிடுவது பற்றிய பத்திரிகை, தொண்ணூற்றேழாவது இடம்; பன்னிரண்டு தடவை. முதல் எண்பதுதான் தங்கும்.

"தோல் பத்திரிகைக்கு இவ்வளவுதானா? நான் ஜாஸ்தி இருக்கும்னு நெனச்சேன்."

அவளுக்கும் ஒரு கணம் என்னமோ போல இருந்தது. எழுதின ஞாபகம் கைக்கு இருந்தது. ஆனால் அண்ணன் மூன்று தடவை எண்ணியிருக்கிறார். தன் ஞாபகத்தைவிட அது பெரிது.

"மூணு தடவை சரி பாத்தாச்சு சார்."

"சரி, அப்போ நாம பேசப்படாது."

தோல் பதனிடும் பிரிவு அந்த நிலையத்தில் ஓர் ஓரத்தில் இருந்தது. அதை நடத்திய பேராசிரியர் போன வருஷம் இறந்துபோனார். கமிட்டியில் அதற்காகப் பேச யாருமில்லை. எண்கள் பேசினால்தான் உண்டு, எண்கள் பேசவில்லை. கமிட்டி முணுமுணுத்துக்கொண்டே பட்டியலை ஏற்றது. நவம்பர் இருபத்தெட்டாம் தேதிக் கூட்டத்தில் முடிவாகக் கையெழுத்து. ஆறுமுகநயினார் ஆபீஸில் எல்லோருக்கும் அல்வா கொடுத்தார். "ரூபா விழுந்துபோச்சுன்னு சர்க்கார் தலையில கை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. எந்தங்கச்சி எண்ணிக் காட்டிட்டா" என்றார்.

நவம்பர் நடுவில் ஒரு ஞாயிறு காலை, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நஜிமுதீன் வந்து நின்றான். அவன் வாப்பா ஜெயினுலாப்தீனுக்கு அதே தாராவியில் தோல் கிடங்கு. இறந்துபோன பேராசிரியரின் கடைசி மாணவன் அவன்தான். சுண்ணாம்புத் தொட்டியில் நிற்கிறவர்களின் கால் புண்ணாகாமல் தோலிலிருந்து மயிரை நீக்க ஒரு வழி தேடி மூன்று வருஷமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். இன்னும் தீசிஸ் எழுதவில்லை. எழுதாததால் அவன் எண்ணிக்கையிலும் இல்லை.

"சண்டை போட வரல அண்ணாச்சி. ஒரு கணக்குத் தெரியல, அதைக் கேக்க வந்தேன்" என்றான். ஒரு நோட்டைப் பிரித்துப் பூமாரியிடம் நீட்டினான். "எங்க சாருகிட்ட ஆறு பேரு தீசிஸ் எழுதியிருக்காங்க. அதுல ஒண்ணே ஒண்ணை மட்டும் எண்ணிப் பாத்தேன். அந்தப் பத்திரிகை அறுபத்திநாலு தடவை வருது. உங்க லிஸ்டுல மொத்தமே பன்னெண்டு. நான் எண்ணினது தப்பா இருக்கலாம். நீங்க ஒருக்காப் பாருங்க."

பூமாரி நோட்டைப் பார்த்தாள். ஒரு பக்கம், இரண்டு பக்கம். ஒவ்வொரு வரியிலும் பெயர், வருஷம், பக்கம்.

"தொகுதி நம்பரை எழுதலையே நீங்க."

"அந்தப் பத்திரிகைக்குத் தொகுதி நம்பரே கிடையாதுல்லா. வருஷம்தான். ஆரம்பத்துலேர்ந்து அப்படித்தான்."

பூமாரி எழுந்து, பரணிலிருந்து சணல் கட்டை எடுத்துத் தரையில் வைத்து முடிச்சை அவிழ்த்தாள். மேலே இருந்த இருபத்தொன்பதை எடுத்து அப்பால் வைத்தாள். அதற்குக் கீழே ஒரே பெயர். அவள் எண்ணி வைக்க, ஆறுமுகநயினார் வாய்க்குள்ளேயே கூட எண்ணினார். முந்நூற்று எண்பத்து மூன்று.

"பன்னெண்டையும் சேத்தா அஞ்சாவது எடம்" என்றாள் பூமாரி.

"அந்தப் பன்னெண்டு எப்படி வந்துச்சு?" என்று கேட்டான் நஜிமுதீன்.

"தொகுதி எடத்துல வருஷத்தையே ரெண்டாவது தடவை எழுதியிருப்பாங்க. தப்பா எழுதினதெல்லாம் சேந்துக்கிட்டு. சரியா எழுதினதெல்லாம் தட்டுக்குப் போயிட்டு."

இசக்கியம்மாள் தேநீரைக் கொண்டுவந்து வைத்தாள். நஜிமுதீன், "யாருக்கும் வாறதுதான் அண்ணாச்சி" என்றான். அவர் கட்டின் மேலிருந்த தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பூமாரி சுப்ரமணியனிடம் எண்ணிக்கையில் நேர்ந்த தப்பை அப்படியே சொன்னாள். வீட்டில் பிரித்ததை மட்டும் அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"நஜிமுதீனுக்கு மட்டும்தான் சார்."

"அவன் சொல்ல மாட்டான், அவனுக்குப் பத்திரிகை கெடச்சாப் போதும். கேளு. திருத்திய பட்டியல்னு ஒரு தாள் அடி. அஞ்சாவது எடத்துல தோலை வை. எண்பதாவது எடத்துல இருக்கறது எண்பத்தொண்ணு ஆயிடும், போகட்டும். கூட்டத்துல பழைய தாளை எடுத்துட்டு இதை வச்சுடறேன். தட்டச்சுப் பிழைன்னா ஒருத்தனும் கேக்க மாட்டான். உனக்கும் ஒண்ணும் ஆகாது."

பூமாரி வீட்டுக்கு வந்து அண்ணனிடம், "திருத்தின தாளை வச்சு, தட்டச்சுப் பிழைன்னு சார் பாத்துக்கிடுதேன்னு சொல்லிட்டாரு. நீ ஒண்ணும் நெனைக்காத" என்றாள்.

அவருக்கு அது பொறுக்கவில்லை. சார்ட்டிங் ஆபீஸில் ஒரு தபால் வழி மாறினால், மாற்றியவன் எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டும். என்ன நடந்தது, எந்தத் தேதியில், யார் கையால். எழுதிக் கொடுத்துவிட்டால் தப்பு அவனோடு நிற்கும்; பக்கத்தில் நிற்கிறவன் மேல் பரவாது. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் ஒரு விளக்கமும் எழுத நேர்ந்ததில்லை. இப்போது ஒன்று எழுத வேண்டியிருக்கிறது. அதை எழுதாமல் இருந்தால், நாளைக்கு யாராவது கண்டுபிடிக்கும்போது பழி பூமாரி தலையில் விழும். தட்டச்சுப் பிழை என்று அவள் பெயரில்தானே போகிறது? அவள் கை தப்பாத கை. தப்பியது அவருடைய கை.

டியூட்டி இல்லாத ஒரு மத்தியானம் உட்கார்ந்து, தமக்குத் தெரிந்த ஆபீஸ் ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதினார். மேற்படி சீட்டுகளைப் பிரித்தது கீழே கையெழுத்திட்ட ஆறுமுகநயினார், தபால் இலாகா சார்ட்டர். இடம், தாராவியில் அவருடைய வீடு. நாள், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை. முகவரி போதாதவை என்று ஒதுக்கியது தன் முடிவு. குமாரி பூமாரிக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. அவள் தன்னை நம்பியது தவிர. அறைவாரியாக எண்ணிக்கையும் இணைத்தார். மூன்று தடவை படித்துப் பார்த்தார். ஓர் இடத்திலும் அடித்தல் திருத்தல் இல்லை. டைரக்டர் பெயருக்கு, ஒப்புதல் அட்டை இணைத்து, பதிவுத் தபாலில் அனுப்பினார்.

பதிவுத் தபால் பிரிவு அவருடையது அல்ல. ஆனாலும் போய் நின்று, அது சேம்பூர்ப் பைக்குள் விழுந்ததைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. நாலு நாளில் ஒப்புதல் அட்டை நிலையத்தின் முத்திரையோடு திரும்பி வந்தது. அதைப் பூமாரியின் முதல் வேலை உத்தரவு இருந்த உறையிலேயே வைத்தார்.

இருபத்தெட்டாம் தேதிக் கூட்டத்தில் சுப்ரமணியன் திருத்திய தாளை எடுப்பதற்கு முன்பே டைரக்டர் அந்தக் கடிதத்தை மேஜையில் வைத்தார். ஒருவர் வாங்கி உரக்கப் படித்தார். "நம்ம நிலையத்துக்கு எந்தப் பத்திரிகை வேணும்னு தாராவியில ஒரு போஸ்ட்மேன் முடிவு பண்ணியிருக்கார்" என்று இன்னொருவர் சொல்ல, மேஜை முழுக்கச் சிரித்தது. பட்டியல் பிடிக்காமல் இருந்தவர்களுக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. எண்ணிக்கை முழுவதும் செல்லாது என்றார்கள். திருத்தியதும் செல்லாது. பழையபடி பேராசிரியர்களின் சீனியாரிட்டிப்படி ஆளுக்கு இத்தனை என்று பங்கு வைத்தார்கள். தோல் பிரிவுக்குப் பேராசிரியர் இல்லை. ஆகவே பங்கும் இல்லை. நூலகத்தின் சீட்டுகளை அனுமதியில்லாமல் வெளியாள் கையில் கொடுத்ததற்காகத் தற்காலிக உதவியாளரின் உத்தரவைப் புதுப்பிக்க வேண்டாம் என்று கடைசியாக ஒரு வரி எழுதினார்கள்.

சுப்ரமணியன் வெளியே வந்து பூமாரியிடம் கடிதத்தின் நகலைக் காட்டினார். "தங்கமான மனுஷர்ம்மா உங்க அண்ணா. என்ன அழகான கையெழுத்து!" என்றார். ஒரு மாதத்தில் அவரும் வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்று பூமாரி வீட்டுக்கு வந்து, கைகால் கழுவிவிட்டு, சுவரோரம் உட்கார்ந்து சொன்னாள். அழவில்லை.

"உங்கிட்ட யாருண்ணே எழுதச் சொன்னா?"

"உன் பேருக்கு ஒண்ணும் வந்துரக் கூடாதுன்னுதாம்மா."

"ஒரு வார்த்த எங்கிட்டக் கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்ப."

"ஆமா."

இசக்கியம்மாள் அடுப்புக்கு முன்னாலிருந்து திரும்பினாள். "ஊருத் தபாலையெல்லாம் ஒழுங்காக் கொண்டு சேத்தவுக, வீட்டுத் தபாலைக் கொண்டு எங்க சேத்திருக்காக பாரு" என்றாள். சொன்னவளுக்கே தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"விடுங்க மைனி" என்றாள் பூமாரி. "அண்ணன் எழுதினதுல ஒரு தப்பும் இல்ல. எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு." அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அதில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டிசம்பர் கடைசியில் நஜிமுதீன் மறுபடி வந்தான். உட்காரவில்லை. வாப்பாவோடு கிடங்கிலேயே இருந்துவிடப் போவதாகச் சொன்னான். வேறு நூலகத்தில் பார்க்கலாமே என்று பூமாரி கேட்டாள். பம்பாயில் அந்தப் பத்திரிகை வேறெங்கும் வருவதில்லை என்றான். மதராசுக்குப் போய் மாதக்கணக்கில் உட்கார அவனுக்கு வழியில்லை. கிளம்பும்போது கேட்டான்.

"அந்தக் கட்டு இருக்கா அண்ணாச்சி? எனக்குத் தருவீங்களா?"

"அதை வச்சு என்னய்யா பண்ணப் போறீங்க?"

"என்னென்ன படிக்கணும்னு எங்க சாரு ஆளுக ஆறு பேரும் சேந்து எழுதி வச்ச மாதிரில்லா இருக்கு. படிக்கத்தான் இனி ஒண்ணும் வராது. சும்மா இருக்கட்டும்."

ஆறுமுகநயினார் புதுச் சணல் எடுத்து முந்நூற்று எண்பத்து மூன்றையும் கட்டிக் கொடுத்தார். மேலே ஒட்டியிருந்த துண்டுத்தாளை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டார்.

பூமாரி இரண்டு கல்லூரிகளுக்கும் ஒரு மருந்துக் கம்பெனிக்கும் மனுப்போட்டாள். முந்தின இடத்திலிருந்து ஏன் விலகினாய் என்று இரண்டு இடத்தில் கேட்டார்கள். ஓர் இடத்தில் அதைக்கூடக் கேட்கவில்லை. மதராசிதானே என்றார்கள்; தென்னாட்டுக்காரர்களுக்கு வேலை கொடுக்காதே என்று பம்பாயில் கூச்சல் கிளம்பியிருந்த வருஷம் அது. பிப்ரவரியில் விக்ரோலியில் ஒரு தொழிற்சாலையின் பாக்கிங் பிரிவில் வேலை கிடைத்தது. பெட்டிக்கு நாற்பத்தெட்டு டப்பா சரியாக இருக்கிறதா என்று எண்ணி, மேலே சீட்டு ஒட்ட வேண்டும். பி.எஸ்ஸி. என்பதை அவள் மனுவில் எழுதவில்லை. எழுதினால் எடுக்க மாட்டார்கள் என்று பக்கத்து வீட்டு நூர் நிஷா சொல்லியிருந்தாள். தேயிலைப்பெட்டிச் சட்டத்தில் இசக்கியம்மாள் உளுந்தும் துவரையும் மிளகாய் வற்றலும் வைத்தாள். ஆறு அறை நிறைந்தது.

ஆபீஸில் சேம்பூர் அறைக்கு வரும் பழுப்புக் கட்டுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. டிசம்பரில் அச்சானது கப்பலில் வந்து சேர இரண்டு மூன்று மாதம் ஆகும். அதனால் ஜனவரியிலும் பிப்ரவரியிலும் வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. உள்ளே இருப்பது எந்தப் பத்திரிகை என்று அவருக்கு இப்போதும் தெரியாது. மார்ச்சில் ஒரு நாள் காலை ட்யூட்டியில் சாம்பல் நிற உறை ஒன்று, பச்சை முத்திரையோடு, கட்டுகளுக்கு நடுவிலிருந்து நழுவி வந்தது. பிரிந்திருந்த ஓரத்தின் வழியே உள்ளே அட்டையின் ஒரு மூலை தெரிந்தது. கையில் வைத்துச் சரித்துப் பார்த்தார். முந்நூற்று எண்பத்து மூன்று தடவை அவர் கண்ணால் ஓட்டிய பெயர். கீழே வருஷம். அவ்வளவுதான்.

இத்தனை வருஷமும் மாதாமாதம் தனியாக எடுத்து நிற்க வைத்தது இதைத்தான்.

பக்கத்தில் நின்ற இசக்கிப்பாண்டி, "என்ன அண்ணாச்சி, விலாசம் சரியில்லையா?" என்று கேட்டான்.

"சரியாத்தான் இருக்கு" என்றார். வலது கை ஓரம், மேலிருந்து மூன்றாவது அறையில் அதை நிற்க வைத்தார். ஏப்ரலில் அது வரவில்லை. மே மாதமும் பார்த்தார்.